நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே ஒரு பெயர்ச்சுவர்

கேள்வி: ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் போர் நினைவகம் என்பது பெரிய அரசுக் கட்டடமாகவே இருக்கிறதே, ஒரு தூணோ வளைவோ போதாதா? ஊரைத் திட்டமிட்டபோதே அதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்களா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒதுக்கவில்லை. 1912ல் நகர வடிவமைப்புப் போட்டியில் வென்ற வால்ட்டர் பர்லி கிரிஃபின், எய்ன்ஸ்லி மலையிலிருந்து, ஊர் நடுவே உள்ள ஏரிக்கு அந்தப் பக்கம், இன்று நாடாளுமன்றம் இருக்கும் கேப்பிட்டல் ஹில் குன்று வரை நேராக ஒரு கோடு இழுத்து, அதன் மேல்தான் ஊரையே அமைத்தார். எய்ன்ஸ்லி அடிவாரத்தில் அவர் நினைத்து வைத்திருந்தது மக்கள் கூடிப் பொழுதுபோக்கும் இடம். அப்போது முதல் உலகப் போர் தொடங்கியிருக்கவே இல்லை. ஐம்பது லட்சம் பேர்கூட இல்லாத நாடு அந்தப் போரில் சுமார் 60,000 பேரைப் பறிகொடுத்த பிறகு, அந்த அடிவாரம் நினைவகத்துக்குப் போனது.

சரி, தூண் ஏன் போதவில்லை? போர்க்களச் செய்தியாளராக இருந்த சார்லஸ் பீனுக்கு, 1916ல் பிரான்ஸின் பொசியேர் சண்டையைப் பார்த்த சமயத்தில் இந்த எண்ணம் வந்தது. இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் இடம் மட்டுமாக இல்லாமல், அவர்கள் விட்டுப்போன பொருள்களும் கடிதங்களும் நாட்குறிப்புகளும் பத்திரமாக இருக்கும் இடமாகவும் அது இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அதனால்தான் அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், வழிபாட்டுக் கூடம் போன்ற ஒரு மண்டபம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 1927ல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் யாருக்கும் வெற்றி இல்லை. போட்டியிட்டவர்களில் சோடர்ஸ்டன், கிரஸ்ட் இருவரையும் சேர்ந்து வரையச் சொன்னார்கள். அப்புறம் பொருளாதார மந்தம் வந்து வேலையை இழுத்தடித்தது. ஒருவழியாக 1941 நவம்பர் 11 அன்று திறந்தபோது அடுத்த உலகப் போர் நடந்துகொண்டிருந்தது!

எனக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள பெயர்ச்சுவர். முற்றத்தின் இருபுறமும் வெண்கலப் பலகைகளில் போர்களில் இறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள், எதிலும் பதவி இல்லை. தளபதியானாலும் சிப்பாயானாலும் வெறும் பெயர்தான். பார்க்க வருகிறவர்கள் பலகை இடுக்குகளில், போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னமான சிவப்புப் பாப்பிப் பூக்களைச் செருகிவிட்டுப் போகிறார்கள். தினமும் மூடும் நேரத்தில் அந்தப் பட்டியலில் உள்ள ஒருவருடைய கதையை வாசிக்கிறார்கள். தூணால் இதையெல்லாம் செய்ய முடியாது.

இடமும் அதே அளவுக்கு முக்கியம் என்பேன். வாசலில் நின்றால் ஆன்சாக் பெருஞ்சாலையைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, நேர் எதிரே நாடாளுமன்றம். படை அனுப்ப முடிவெடுப்பவர்கள் அங்கிருந்து நிமிர்ந்தால், போனவர்களுக்கு என்ன ஆனது என்று சொல்லும் கட்டடம் கண்ணில் படும். திட்டமிட்ட தலைநகரில்தான் இப்படி இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்த முடியும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். குடியேறிகளை எதிர்த்துத் தங்கள் மண்ணுக்காகச் சண்டையிட்டு மடிந்த பூர்வகுடிகளின் பெயர்கள் அந்தச் சுவரில் இல்லை. அந்தப் பட்டியல் ஆஸ்திரேலியப் படைகளில் இருந்தவர்களுக்கானது என்று விளக்கம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை, அவர்களுக்கும் அந்தக் கோட்டில் ஓர் இடம் வேண்டும்.