வேலை தேடுவோர் கேள்வி–பதில்: உங்கள் ரெஸ்யூம் யார் கையில் இருக்கிறது?

கேள்வி: கணக்குத் துறையில் பல ஆண்டு அனுபவம் உள்ளவள் நான். வேலை மாறுவதற்காக நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளைச் சேர்ந்த மூன்று ரெக்ரூட்டர்களிடம் ரெஸ்யூம் கொடுத்திருந்தேன். எனக்கு மிகவும் பொருத்தமாக இருந்த ஒரு நிறுவனம், என் விண்ணப்பம் இரண்டு ஏஜென்சிகள் வழியாக வந்திருப்பதாகக் கூறி என்னைப் பரிசீலனையிலிருந்து நீக்கிவிட்டது. அந்த இரண்டில் ஒன்று என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தகுதி இருந்தும் இப்படி நடப்பது ஏன்?

பதில்: ரெக்ரூட்டருக்குப் பணம் தருவது யார் என்று பார்த்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். பணம் தருவது வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம்; ஆகவே அந்த நிறுவனமே ரெக்ரூட்டரின் வாடிக்கையாளர். நாம் அவருக்கு நண்பராக இருக்கலாம், ஆனால் அவர் நமக்காக வேலை பார்ப்பவர் அல்லர். பெரும்பாலான ஏஜென்சிகள், தாங்கள் அனுப்பிய ஆள் வேலையில் சேர்ந்தால் மட்டுமே கட்டணம் பெறும் முறையில் இயங்குகின்றன. அந்தக் கட்டணம் முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு விழுக்காடாகக் கணக்கிடப்படும். சில சந்தைகளில் அது ஒரு மாதச் சம்பளமாகிய 8.33 விழுக்காடு, வேறு சிலவற்றில் 20 அல்லது 25 விழுக்காடு. உயர் பதவிகளுக்கு மட்டும் முன்பணம் பெற்றுக்கொண்டு தேடும் வேறொரு முறை உண்டு.

சேர்ந்தால்தான் பணம் என்ற நிலையில், ஒரே பதவிக்குப் பல ஏஜென்சிகள் போட்டியிடும்போது, முதலில் ரெஸ்யூமை அனுப்பியவருக்கே கட்டண உரிமை என்பது வழக்கமான ஏற்பாடு. அந்த உரிமை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீடிக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். எனவே வேகம்தான் முக்கியம் என்று கருதும் சில ஏஜென்சிகள், விண்ணப்பதாரரின் சம்மதத்துக்குக் காத்திருக்காமல், கையில் இருக்கும் ரெஸ்யூமை அனுப்பி இடம் பிடித்து வைக்கின்றன. இரண்டு ஏஜென்சிகள் ஒரே ஆளுக்கு உரிமை கோரினால், நாளை கட்டணத் தகராறு வரும் என்று அஞ்சும் மனிதவளப் பிரிவு, தகுதியில் சற்றே குறைந்தாலும் சிக்கல் இல்லாத இன்னொருவரை எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். உங்கள் திறமையை யாரும் எடைபோடவில்லை. இதே ஏற்பாட்டால் இன்னொரு இழப்பும் உண்டு. ஏஜென்சி ஒருமுறை உங்கள் பெயரை அனுப்பிவிட்டால், பிறகு நீங்கள் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பித்தாலும், உங்களை எடுக்க அது கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். கட்டணமின்றி வருபவருக்கு முன்னால் நீங்கள் விலை கூடியவராகிவிடுகிறீர்கள்.

ஆகவே, இனி எந்த ரெக்ரூட்டரிடமும் ரெஸ்யூம் தருவதற்கு முன், "நிறுவனத்தின் பெயரையும் பதவியையும் எழுத்தில் தெரிவித்து, என் சம்மதத்தை எழுத்தில் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும்" என்று மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேதியில், யார் வழியாகச் சென்றது என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மறுப்பவருக்கு நியாயமான காரணம் இருக்கலாம், ஏனெனில் நீங்கள் நேரடியாகப் போய்விடுவீர்கள் என்ற அச்சம் அவருக்கும் உண்டு. ஆனால் பெயர் தெரியாத இடத்துக்குச் சம்மதம் தருவது உங்களுக்கு நல்லதன்று. இப்போது உங்களைத் தவிர்த்த நிறுவனத்துக்கு, எந்த ஏஜென்சிக்கு நீங்கள் அனுமதி அளித்தீர்கள் என்பதைத் தேதியுடன் சுருக்கமாக எழுதிப் பாருங்கள். சில இடங்களில் அதற்குப் பலன் இருந்திருக்கிறது.

கேள்வி: பதிவுக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் கட்டினால் வேலை உறுதி என்கிறார் ஒரு ஏஜென்ட். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்தக் கட்டணமும் பெறக்கூடாது என்பதையே பொது விதியாகக் கூறுகிறது. சில பிரிவினருக்கு அரசு விதிவிலக்கு அளிக்க அதில் இடமுண்டு. உடன்படிக்கையை ஏற்காத நாடுகளும் உள்ளன. ஆகையால் உங்கள் நாட்டுச் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்று பாருங்கள். பதிவுக் கட்டணம் என்ற பெயர் இல்லாவிட்டால் சரிதான் என்றும் எண்ணிவிடாதீர்கள்: மருத்துவப் பரிசோதனை, திறன் தேர்வு, பயிற்சி, பயணம் ஆகியவற்றின் செலவையும் ஆட்சேர்ப்புச் செலவாகவே அதே அமைப்பு 2019-இல் வெளியிட்ட வரையறை கணக்கில் கொள்கிறது. எப்படியிருந்தாலும், வேலைக்கு எடுக்கும் முடிவு நிறுவனத்துடையது. அதை "உறுதி" என்று விற்க ஏஜென்டிடம் சரக்கு இல்லை.

கேள்வி: முதல் தொலைபேசி அழைப்பிலேயே இப்போதைய சம்பளம் எவ்வளவு, வேறு எங்கெல்லாம் இன்டர்வியூ போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொல்வதில் தவறு உண்டா?

பதில்: பொய் சொல்லக்கூடாது, அதற்காக எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. வேறு எங்கே போகிறீர்கள் என்ற கேள்விக்கு இரண்டு பயன்கள் உண்டு. நீங்கள் வேறொரு வேலையில் சேர்ந்து தன் உழைப்பு வீணாகுமோ என்று அறிய அவர் விரும்பலாம், அது நியாயமானது. ஆனால் எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியும் அவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது, அந்த இடத்துக்கு உங்களுக்குப் போட்டியாக வேறொருவரை அவர் அனுப்பவும் கூடும். "வேறு இரண்டு இடங்களில் பேச்சு நடக்கிறது, ஒன்று இறுதிக் கட்டத்தில் உள்ளது" என்று பெயர் கூறாமல் சொன்னால் அவருடைய நியாயமான தேவை நிறைவேறிவிடும்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, எதிர்பார்க்கும் தொகையைச் சொல்லுங்கள்; பழைய தொகையைத் தவிர்க்க முடியுமானால் தவிருங்கள். விண்ணப்பதாரரின் முந்தைய சம்பளத்தை வேலை தருபவர் கேட்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நெறியாணை பிறப்பித்ததற்குக் காரணம், பழைய குறைவான ஊதியம் புதிய வேலையிலும் தொடர்ந்துவிடுகிறது என்பதே. வேலை தருபவர் கேட்கக்கூடாததை ரெக்ரூட்டரிடம் தாராளமாகச் சொல்லிவிட்டால், அது அவர் வழியாக எங்கே போய்ச் சேரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி: எனக்கு அதிகச் சம்பளம் கிடைத்தால் ரெக்ரூட்டருக்கும் அதிகக் கட்டணம் கிடைக்கும் அல்லவா? அப்படியென்றால் பேரத்தை அவரிடமே விட்டுவிடலாமே? ஆனால் அவரோ, "இன்றே சம்மதம் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துகிறார்.

பதில்: பலரும் நம்பும் கணக்கு இது, ஆனால் பாதிதான் சரி. உங்கள் சம்பளம் 10 விழுக்காடு கூடினால் அவருடைய கட்டணமும் 10 விழுக்காடுதான் கூடும். அதற்காகப் பேரம் நீண்டு, நிறுவனம் பின்வாங்கினால் அவருக்கு முழுக் கட்டணமும் போய்விடும். நான்கு நாள் பேசிச் சிறிதளவு கூடுதலாகப் பெறுவதைவிட, இன்றே முடித்துவிட்டு அடுத்த பதவிக்குப் போவதுதான் அவருக்கு லாபம். அவர் தீயவர் என்று இதற்குப் பொருள் இல்லை. அவருடைய வருமானம் அமைந்திருக்கும் விதம் அப்படி. "இதற்கு மேல் அவர்கள் தரமாட்டார்கள்" என்று அவர் சொல்லும்போது, நிறுவனம் சொன்னதா, அவருடைய ஊகமா என்று நேராகக் கேளுங்கள். முடிந்தால் இறுதித் தொகையை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடமே பேசுங்கள்.

அவசரத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். சம்பளத்தின் பகுப்பு, நோட்டீஸ் காலம், பணியிடம், தகுதிகாண் காலம் ஆகியவை எழுத்தில் வந்த பிறகு, படித்துப் பார்க்க இரண்டு நாள் கேட்பது எந்த நிறுவனத்திலும் அநாகரிகமாகக் கருதப்படுவதில்லை. கையொப்பமிட்ட நியமனக் கடிதம் கைக்கு வராமல் இப்போதைய வேலையை ராஜினாமா செய்யவும் வேண்டாம்.

வேலையில் சேர்ந்த பிறகு அவர் அடிக்கடி நலம் விசாரித்தால் வியப்படையாதீர்கள். பெரும்பாலும் 90 நாள் வரை ஓர் உத்தரவாதக் காலம் இருக்கும். அதற்குள் நீங்கள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவோ, வேறு ஆளைத் தேடித் தரவோ ஏஜென்சி கடமைப்பட்டிருக்கும். சொன்ன பணியும் தரப்பட்ட பணியும் வேறாக இருந்தால், அதை அவரிடம் தெரிவிக்க ஏற்ற சமயம் அந்தக் காலந்தான், ஏனெனில் அப்போது உங்கள் குறையைத் தீர்ப்பதில் அவருக்கும் அக்கறை இருக்கும்.