முதலில் காகிதம், பிறகு கையெழுத்து: பழைய பேஸ்பால் வீரர்களின் கடிதங்கள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: சார், லூ கெரிக் 1938-இல் எழுதிய கடிதம் என்று ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கையெழுத்து அச்சு அசலாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு முழுக்க ஒரே தடிமன். வளைவுகளில் சின்னச் சின்ன மைத்திட்டுகள். பால்பாயின்ட் பேனாவின் வேலை அது. அமெரிக்கக் கடைகளுக்கு அந்தப் பேனா வந்தது 1945 அக்டோபரில். கெரிக் இறந்தது 1941 ஜூனில். இனி கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தால் என்ன?

புதிதாகக் கையெழுத்துச் சேகரிப்பவர்கள் எல்லாரும் எழுத்தின் சுழிப்பைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். போலி செய்கிறவன் மாதக்கணக்கில் பழகுவதும் அதைத்தான். காகிதம், மை, தபால்தலை விஷயத்தில்தான் அவன் சறுக்குவான்.

கேள்வி: பேப் ரூத் கையெழுத்திட்ட பந்து. மேலே 'ஜோ க்ரோனின், தலைவர்' என்று அச்சிட்டிருக்கிறது.

பதில்: க்ரோனின், அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் தலைவராக இருந்தது 1959 முதல் 1973 வரை. ரூத் 1948-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த கேள்வி.

கேள்வி: எல்லாரும் பந்தைத் தேடி ஓடும்போது நீங்கள் மட்டும் ஏன் கடிதத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

பதில்: பந்தில் பெயர் மட்டும்தான் இருக்கும். கடிதத்தில் ஆள் இருப்பார். டை கோப் என்ற ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் முரடர் என்று பெயர் வாங்கிய மனிதர், ஓய்வுக்குப் பிறகு பச்சை மையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார். முகம் தெரியாத ரசிகர்களுக்குப் பதில் போட்டிருக்கிறார், இளம் ஆட்டக்காரர்களுக்கு மட்டை வீச்சைப் பாடமாகவே எழுதி அனுப்பியிருக்கிறார்.

ஆனால் பச்சை மை என்றதும் மயங்கிவிடாதீர்கள். அது போலி செய்பவனுக்கும் தெரியும். 1946-ஆம் ஆண்டின் கோப் டைரி என்று ஒன்று கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகத்திலேயே இருந்தது. பிறகு எஃப்.பி.ஐ. ஆய்வில் போலி என்று தெரிந்தது. அவர்களே ஏமாந்தார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்! நானும் ஒரு கோப் கடிதத்தை ஆசை ஆசையாக வாங்கி, சட்டம் போட்டு மாட்டி, இரண்டு மாதம் கழித்துத்தான் மேலே அச்சிட்டிருந்த முகவரியைப் படித்தேன். ஐந்து இலக்க ஜிப் கோடு, அதாவது அமெரிக்காவின் பின்கோடு! கோப் காலமானது 1961-இல், ஜிப் கோடு வந்தது 1963-இல். சட்டத்தை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன் கடிதம் கிடைக்குமா, அண்ணா?

பதில்: அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர், தம்பி. சிறுவயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர். தன் பெயரைப் படம் வரைவது மாதிரி வரையப் பழகியிருந்தார், அவ்வளவுதான். ரசிகர் கடிதங்களுக்கு மனைவி கேட்டிதான் அவர் பெயரில் கையெழுத்திட்டார். அதனால்தான் 1911-இல் எடுத்த ஒரு புகைப்படம், அவரே கையெழுத்திட்டது, 2021 ஏலத்தில் 14 லட்சம் டாலருக்கு மேல் போனது. யாராவது உங்களிடம் ஜாக்சன் கைப்பட எழுதிய நான்கு பக்கக் கடிதம் என்று சொன்னால், நன்றாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இப்படி வீட்டார் போட்ட கையெழுத்துகள் பலருடையவை உண்டு. நோய் முற்றிய பிறகு கெரிக்குக்காக மனைவி எலினார் போட்டிருக்கிறார். மோசடி நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் வீரரின் கையெழுத்துக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சான்றிதழோடு வந்தால் நம்பலாம்தானே?

பதில்: சான்றிதழும் காகிதம்தானே! 1990-களின் இறுதியில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் ஒரு பெரிய போலிக் கும்பலைப் பிடித்தது. அவர்கள் சரக்கோடு சான்றிதழும் கொடுத்தார்கள். பிடிபட்டவற்றில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது. விற்பவரோடு தொடர்பில்லாத, பெயர் பெற்ற சரிபார்ப்பு நிறுவனத்திடம் நீங்களே அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: கையில் அதிகப் பணம் இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: பணம் கொடுத்து முடித்து வங்கி முத்திரை குத்திய பழைய காசோலைகள். கோப் போட்டவை இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. தேதி, தொகை, வங்கி முத்திரை எல்லாம் ஒரே தாளில் இருப்பதால் சரிபார்ப்பது எளிது. அதுவும் அதிகம் என்றால், பெரிய பெயர் எடுக்காத வீரர்களின் கடிதங்களைப் பாருங்கள். அவற்றைப் போலி செய்ய யாருக்கும் ஆசை வராது. படிக்கவோ, சில நேரம் நட்சத்திரங்களின் கடிதங்களைவிட ருசியாக இருக்கும்.

கேள்வி: பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. உறை கிழிந்திருக்கிறது, எறிந்துவிடலாமா? கடிதத்தை லேமினேட் செய்யலாமா?

பதில்: ஐயோ, இரண்டும் வேண்டாம்! உறைதான் சாட்சி. தபால் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். 1932 ஜூலை முதல் 1958 ஜூலை வரை அமெரிக்க உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கு 3 சென்ட் தபால்தலை. தலையும் முத்திரைத் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு இருட்டறையில் யூவி (புறஊதா) டார்ச் அடியுங்கள். காகிதத்தை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும், யூவி ஒளியில் நீலமாக ஒளிரும் ரசாயனம் பரவலானது 1950-க்குப் பிறகுதான். 1930-களின் தாள் நீலமாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள்.

லேமினேட் செய்தால் பிரிக்கவே முடியாது, மதிப்பும் போய்விடும். அமிலமில்லாத தாளோடு மைலார் என்ற தெளிவான பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கிழிசலில் செல்லோடேப் ஒட்டியிருந்தால் நீங்களாக உரிக்காதீர்கள், காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.