கணக்கை விட்டுவிட்டுச் சமையலுக்கா?

கேள்வி: என் மகள் கோலாலம்பூரில் தணிக்கை நிறுவனம் ஒன்றில் 2 ஆண்டாக வேலை செய்கிறாள். ஏசிசிஏ என்கிற கணக்காளர் தகுதித் தேர்வில் இன்னும் 3 தாள் பாக்கி. இப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சமையல் கல்லூரிக்குப் போகிறாளாம். "நியூயார்க் பங்குச் சந்தைக்குத் தலைவியாக இருந்தவரே சமையல் படித்தவர்தான்" என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். உண்மையா?
- ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: உண்மைதான் அம்மா. மகள் புளுகவில்லை, பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்தப் பெண்மணி ஸ்டேசி கன்னிங்ஹாம். பொறியியல் மாணவியாக இருந்தபோது 1994-இல் விடுமுறைப் பயிற்சிக்காக அந்தச் சந்தைக்குள் நுழைந்தவர். 1996-இல் அங்கேயே குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஆண்கள் கூச்சல் போட்டுப் பங்கு வாங்கி விற்கும் அந்த வர்த்தகத் தளத்தில் 2005 வரை நின்றார். அதற்குப் பிறகுதான் சமையல் பள்ளி, உணவக அடுப்படி எல்லாம். 2007-இல் போட்டிச் சந்தையான நாஸ்டாக், 2012-இல் மறுபடி பழைய இடம், 2018 முதல் 2022 தொடக்கம் வரை தலைவர். 1792-இல் பிறந்த சந்தைக்குத் தனியாகத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது தளத்தைப் பூட்டி, வர்த்தகம் முழுவதையும் கணினிக்கு மாற்றியதும் அவர் காலத்தில்தான்.

தளத்தில் 'நின்றார்' என்று சும்மா எழுதவில்லை. 1991-இல் நான் ரெமிசியராக, அதாவது கமிஷனுக்குப் பங்கு வாங்கி விற்றுத் தரும் முகவராகச் சேர்ந்த புரோக்கர் கம்பெனியில் எங்கள் மாடியில் ஆண்கள் கழிவறை மட்டுமே இருந்தது. பெண்களுடையது இரண்டு மாடி கீழே. சாவி மேனேஜர் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், தொலையாமலிருக்கக் கைப்பிடி அளவு மரக்கட்டை ஒன்றைக் கட்டியிருப்பார்கள். 1993-இல் பங்கு விலை எகிறிய நாட்களில், இரண்டு காதிலும் போன் வைத்திருந்தவள், அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு அத்தனை வாடிக்கையாளர் முன்னால் நடக்க வெட்கப்பட்டே காலையில் தண்ணீர் குடிக்க மாட்டேன். நியூயார்க்கிலும் இதே கதைதான். 1967-இல் அங்கே வர்த்தகம் செய்யும் உறுப்பினர் இடத்தை வாங்கிய முதல் பெண் மியூரியல் சீபர்ட். 7-ஆம் மாடியில் பெண்கள் கழிவறை வர அவர் 1987 வரை சண்டை போட்டார். (நம் மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில் 2019-இல் பெண் ஒருவர் வாரியத் தலைவரானார். தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியில் மட்டும் இன்னும் ஒரு பெண்ணும் உட்காரவில்லை.)

சரி, மகள் விஷயம். ஸ்டேசி அடுப்படிக்குப் போனபோது கையில் ஒரு தொழில் முழுசாக இருந்தது. அதனால்தான் திரும்பி வந்தபோது கதவு திறந்தது. 3 தாளைப் பாதியில் விட்டுப் போகிற பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. சமையலை நான் மட்டமாகச் சொல்லவில்லை. என் தங்கை கிள்ளானில் கேட்டரிங் நடத்தித்தான் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினாள். ஆனால், அவளும் விலைப்பட்டியல் போட என்னிடம்தான் வருவாள்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிடிவாதம் கூடும். தாள்களை எழுதி முடிக்கட்டும். அதுவரை சனி, ஞாயிறு ஏதாவதொரு பேக்கரியில் சம்பளமில்லாமல் நிற்கச் சொல்லுங்கள். மாவு பிசைய விடிகாலை 4 மணிக்கே வரச் சொல்வார்கள். இரண்டு மாதம் கழித்தும் அலாரம் அடிக்குமுன் எழுந்தால், கல்லூரி விண்ணப்பத்தை நீங்களே வாங்கி வாருங்கள்.