அரிதாகிவிட்ட தொழுநோயை எங்கே தேடுவது?

தொழுநோய்ப் பணியில் நீண்ட காலம் இருந்த மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): 2005ஆம் ஆண்டு இறுதியிலேயே இந்தியா இந்நோயை ஒழித்துவிட்டதாகப் படித்தேன். இன்னும் தேடுவது ஏன்?

பதில்: அன்று எட்டியது, பத்தாயிரம் பேரில் சிகிச்சை பெறுவோர் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை மட்டுமே. இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் புதிய நோயாளிகள் நம் நாட்டில் கண்டறியப்படுகிறார்கள். கிருமி புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகளும், சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகின்றன.

கேள்வி (கிராம சுகாதாரச் செவிலியர்): வீடு வீடாகப் பார்த்தும் ஆண்டு முழுவதும் ஒருவரும் அகப்படவில்லை, ஐயா. எங்கள் உழைப்பு வீணா?

பதில்: வீணில்லை, அம்மா, ஆனால் தேடும் இடத்தை மாற்றுங்கள். பழைய பதிவேட்டை எடுத்து, அதிலுள்ள நோயாளிகளின் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் அவர்கள் சம்மதத்தோடு ஆண்டுக்கொரு முறை, ஐந்து ஆண்டுகளாவது பரிசோதியுங்கள். நோயில்லை என்று உறுதியானவர்களுக்குத் தரும் ஒரே வேளை ரிஃபாம்பிசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து, வங்கதேச ஆய்வில், முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 57 விழுக்காடு குறைத்தது. மீதி ஆபத்து அப்படியே இருப்பதால் மாத்திரை கொடுத்ததோடு கண்காணிப்பை நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலைய இளம் மருத்துவர்): நான் இதுவரை ஒரு தொழுநோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. சாதாரணத் தேமலிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

பதில்: எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான், நோய் குறையும்போது அதை அறியும் கண்ணும் விரலும் குறைந்துவிடுகின்றன. நோயாளியைக் கண்மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் தேமலைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் தொழுநோயைச் சந்தேகியுங்கள். முகத்துத் தேமலில் உணர்ச்சி எஞ்சியிருக்கக்கூடும் என்பதால் அங்கே இச்சோதனையை மட்டும் நம்பாதீர்கள். கிருமி மிகுந்த வகையில் தெளிவான தேமலே இல்லாமல், காதுமடல் தடித்தும் தோல் பளபளத்தும் இருக்கலாம். நரம்பை மட்டும் தாக்கும் வகையில் தோலில் எதுவுமே தெரியாது. ஆகவே முழங்கையின் உட்புற நரம்பைத் தடவிப் பார்க்காமல் எவரையும் அனுப்பாதீர்கள்.

கேள்வி (சுகாதார ஆய்வாளர்): எண்ணிக்கை குறைந்தால் நல்லதுதானே?

பதில்: வருபவர்கள் மடங்கிய விரல்களோடு வந்தால் நல்லதன்று, நாம் தாமதமாகக் கண்டோம் என்றே பொருள். குழந்தைக்கு நோய் இருந்தால், அண்மையில் அருகிலேயே பரவியிருக்கிறது. அந்த வீட்டிலிருந்தே தேடலைத் தொடங்க வேண்டும்.

கேள்வி (நோயாளியின் மகள்): அப்பாவுக்கு மருந்து தொடங்கிவிட்டது. பரிசோதனைக்கு ஆள் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடுமே?

பதில்: யாரும் வர வேண்டியதில்லை, அம்மா. பிள்ளைகளோடு நீங்களே பொதுத் தோல் நோய்ப் பிரிவுக்கு வந்து, அப்பாவின் நோயை மருத்துவரிடம் தனியே சொல்லுங்கள். கூட்டு மருந்து தொடங்கியதுமே அவரிடமிருந்து பரவும் வாய்ப்பு விரைவில் நீங்கிவிடும். அவருடைய தட்டையும் பாயையும் ஒதுக்கி வைக்காதீர்கள்.