பாட்டிலுக்குள் வளரும் கள்ளி

கேள்வி: கண்ணாடி பாட்டிலில், ஜெல்லிக்குள் வளரும் குட்டிக் கள்ளிச் செடிகளை 'டிஷ்யூ கல்ச்சர்' என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கித் தொட்டியில் நட்டேன், ஒரே வாரத்தில் அழுகிவிட்டது. ஏன் மேடம்? இதை வீட்டிலேயே செய்ய முடியுமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: டிஷ்யூ கல்ச்சர், அதாவது திசு வளர்ப்பு என்றால், செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத ஜெல்லியில் வைத்துப் புதுச்செடியாக வளர்ப்பது. பாட்டிலுக்குள் இருப்பது வெயிலே படாமல் வளர்ந்த பிள்ளை. உள்ளே காற்று முழுக்க ஈரம். சாப்பாடும் வேரடியிலேயே கிடைக்கிறது, லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை போட்டுத்தான் அந்த ஜெல்லியைக் காய்ச்சுவோம். அதனால் தோல்மேல் மெழுகுப் பூச்சு சரியாகப் படியாது. முள்ளைத் தொட்டுப் பாருங்கள், பூனைமயிர் மாதிரி வளையும். அந்தச் செடியை எடுத்த எடுப்பில் தொட்டியில் வைத்தால், தண்ணீரை இழந்து வாடும். வேரில் ஒட்டிய சர்க்கரை ஜெல்லியில் பூஞ்சை பிடித்து அழுகவும் செய்யும்.

அடுத்த முறை வாங்கினால், வேரிலுள்ள ஜெல்லியை வெதுவெதுப்பான நீரில் மெல்லிய பிரஷ்ஷால் துளிகூட இல்லாமல் கழுவுங்கள். பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்கி, வேரில் பட்ட காயம் ஆறும்வரை நிழலில் செய்தித்தாள்மேல் கிடத்துங்கள். கொரகொரப்பான ஆற்று மணலும் பெர்லைட்டும் (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைக் குருணை) கலந்து நட்டு, தெளிவான பிளாஸ்டிக் மூடியால் மூடி, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். நேர் வெயில் அதற்கப்புறம்தான். உப்பிப்போய், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் தளிர் இருந்தால் அது தேறுவது கடினம். ஜெல்லியில் சேர்க்கும் வளர்ச்சி ஹார்மோனும் பாட்டிலின் ஈரமும் மிஞ்சினால் அப்படி ஆகும்.

வீட்டில் செய்வதைப் பற்றி: ஓசூரில் வாழைத் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். கள்ளி வாழையைவிடப் படுத்தும். முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு போல ஒரு புள்ளி இருக்கிறதே, ஏரியோல், அதற்குள் ஒரு மொட்டு உறங்குகிறது. பி.ஏ.பி. என்ற ஹார்மோன் சேர்த்த ஊடகத்தில் (அந்த ஜெல்லிதான்) தண்டுத் துண்டை வைத்தால் அந்த மொட்டுகள் விழித்துத் தளிர்க்கும். ஆனால் அந்தப் பஞ்சுக்குள்தான் தூசும் பூஞ்சை வித்தும் ஒளிந்திருக்கும், எத்தனை கழுவினாலும் முழுசாகப் போகாது. அதனால் பலர் கிருமி நீக்கிய விதையை பாட்டிலிலேயே முளைக்கவைத்து, அந்த நாற்றிலிருந்து துண்டு எடுக்கிறார்கள். ஊடகத்தை 121 டிகிரியில் வேகவைக்க பிரஷர் குக்கர் போதும். சுத்தமான காற்று வீசும் லாமினார் ஃப்ளோ பெட்டி இல்லாமல் துண்டு நறுக்குவதுதான் கஷ்டம். சாதாரண மாமில்லேரியா என்ற குட்டைக் கள்ளிக்கு இத்தனை பாடு வேண்டாம், பக்கக் குட்டியைப் பிரித்து நட்டாலே வந்துவிடும்.

இந்த வித்தை உண்மையில் யாருக்குத் தேவை தெரியுமா? மெக்சிகோ நகரின் தெற்கே, சித்லே எரிமலைக் குழம்பு உறைந்த பாறைவெளியில் மட்டும் வளர்ந்த கள்ளி மாமில்லேரியா சான்-ஆஞ்சலென்சிஸ். 1950-களில் அங்கே பல்கலைக்கழக வளாகம் எழுந்தது, சுற்றிலும் நகரம் பெருத்தது, செடி ஏறக்குறைய அற்றுப்போனது. அதைத் திசு வளர்ப்பில் பெருக்கும் முறையை 1989-இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எஞ்சியிருக்கும் செடியைப் பிடுங்காமல், ஒரு துண்டிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுக்கலாம் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம்! ஒரே செடியின் நகல்களை மட்டும் காட்டில் நடுவது எனக்கு உடன்பாடில்லை, எல்லாம் ஒரே மரபணு, ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். பல தாய்ச்செடிகளின் விதையிலிருந்து தொடங்கவேண்டும்.

உலகக் கள்ளி இனங்களில் 31 சதவீதம் ஆபத்தில் இருப்பதாக 2015-இல் கணித்தார்கள். சேகரிப்பாளருக்காகக் காட்டிலிருந்து திருடுவது முக்கியக் காரணங்களில் ஒன்று. ஏரியோகார்பஸ் போன்ற கள்ளிகள் மெதுவாகவே வளரும், ஆகவே கிழட்டுச் செடி குறைந்த விலைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். அடிப்பகுதி கார்க் போல் தடித்து, உடம்பெல்லாம் தழும்பு, கிழங்கு வேர் வெட்டுப்பட்டிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். விற்பவரிடம் தாய்ச்செடி எங்கே என்று கேளுங்கள். நாற்றுப்பண்ணைக்காரர் கூட்டிப்போய்க் காட்டுவார்.