எந்தத் தேதி சுதந்திர தினம்?

அன்புள்ள ஐயா,

படையோடு போய் இன்னொரு நாட்டில் சுதந்திரத்தை நட்டுவிட முடியாது என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பிரான்ஸ் படை அனுப்பியிராவிட்டால் அமெரிக்காவுக்கே சுதந்திரம் கிடைத்திருக்காது. அப்படிப் பெற்ற நாடு அதைப் பிறருக்கும் கொண்டுபோக நினைப்பது எப்படித் தவறாகும்? ஜப்பானும் ஜெர்மனியும் இன்று மக்களாட்சி நாடுகளாக இருப்பது யாரால்? ஈராக்கில் கெட்டது நிர்வாகம், நோக்கம் அல்ல. கடைசியாக ஒன்று: ஒரு மக்கள் நசுக்கப்படும்போது கைகட்டி நிற்பதுதான் உங்கள் கொள்கையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிரான்ஸைக் கொண்டுவந்தீர்களே, அது என் கட்டுரையில் இருந்திருக்க வேண்டிய உதாரணம். அமெரிக்கர்கள் பிரிட்டனிடமிருந்து சுதந்திரப் பிரகடனம் வெளியிட்டது 1776 ஜூலை 4. பிரான்ஸ் கூட்டணி ஒப்பந்தம் செய்தது 1778 பிப்ரவரியில், போர் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகப்போகும் நேரத்தில். 1781இல் யார்க்டவுன் முற்றுகையின்போது பிரெஞ்சுக் கப்பல்கள் கடல்வழியை அடைத்தன, பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். (பின்னாளில் திப்புவோடு போரிட்ட அதே கார்ன்வாலிஸ்தான்.) பிறகு பிரெஞ்சுப் படை ஊர் திரும்பிவிட்டது. 1787இல் அரசியலமைப்பை எழுதிய அறையில் பிரெஞ்சுத் தளபதி எவரும் உட்கார்ந்திருக்கவில்லை. இத்தனைக்கும் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி சுதந்திரத்தைப் பரப்ப வந்தவர் அல்ல. பிரிட்டனைப் பழிதீர்க்க வந்தவர். அந்தப் போரின் கடன் அவருடைய கஜானாவையே காலி செய்து, 1789இன் பிரெஞ்சுப் புரட்சிக்கு வழிவிட்டது.

அமெரிக்காவின் சுதந்திரத்தைப் பிரிட்டன் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது 1783 செப்டம்பர் 3. அந்தத் தேதியை அமெரிக்காவில் யாரும் கொண்டாடுவதில்லை.

இனி பிலிப்பைன்ஸுக்கு வாருங்கள். 1898 ஜூன் 12 அன்று பிலிப்பினோ புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் பெற்றதாக அறிவித்தார். அப்போது அமெரிக்கா அவர்களுடைய தோழன். ஆறே மாதத்தில், டிசம்பரில், பாரிஸில் ஓர் ஒப்பந்தம்: 2 கோடி டாலருக்கு ஸ்பெயின் அந்தத் தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. பிலிப்பினோக்களின் தூதருக்கு அந்த மேசையில் இடமில்லை. அதிபர் மெக்கின்லி இதற்கு வைத்த பெயர் 'நல்லெண்ண இணைப்பு'. 1899 பிப்ரவரியில் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பினோக்களுக்கும் போர் மூண்டது. அது முடிந்ததாக தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்த நாள் எது தெரியுமா? 1902 ஜூலை 4.

பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்கா சுதந்திரம் வழங்கியதும் ஒரு ஜூலை 4தான், 1946இல். தன் பிறந்தநாளையே பரிசாகக் கொடுத்துவிட்டது! கூடவே, நாட்டின் இயற்கை வளங்களில் அமெரிக்கர்களுக்குச் சம உரிமை, 99 ஆண்டுகளுக்கு ராணுவத் தளங்கள். 1962இல் அதிபர் மகபகால் சுதந்திர தினத்தை ஜூன் 12க்கு மாற்றினார். கொடுத்தவனின் தேதியை விட்டுவிட்டு, தாங்கள் சொன்ன தேதியை அந்த மக்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

இந்தியா கொண்டாடுவது மவுண்ட்பேட்டன் தேர்ந்த ஆகஸ்ட் 15 ஆயிற்றே என்பீர்கள். உண்மைதான். ஆனால் 1930 ஜனவரி 26இல் எடுத்த முழு விடுதலை உறுதிமொழியை மறக்காமல், இருபது ஆண்டு கழித்து அரசியலமைப்பை அதே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. ஒருவரைச் சிறையிலிருந்து 'விடுதலை செய்தார்கள்' என்று எழுதலாம். 'சுதந்திரம் செய்தார்கள்' என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் நிற்காது. பூட்டைத் திறப்பது வெளியாளால் முடியும். அதற்குப் பிறகான வேலை வேறு.

ஜப்பானுக்கு 1890 முதலே நாடாளுமன்றம் உண்டு. 1925இல் வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஜெர்மனிக்கு 1919இன் வைமார் அரசியலமைப்பு, அதாவது ஹிட்லருக்கு முந்தைய மக்களாட்சி அரசியலமைப்பு, இருந்தது. போரில் தோற்றுப்போன ஆட்சிகள் மிதித்துப் போட்டதை அங்கே மீண்டும் எடுத்து நிறுத்தினார்கள். ஆக்கிரமிப்பின் பங்கு பெரியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வெறும் நிலத்தில் விதைத்தது அல்ல. ஈராக்கில் 2003 மே மாதம் ஓர் அந்நிய நிர்வாகி ஒரே ஆணையில் அந்த நாட்டின் ராணுவத்தைக் கலைத்தார். அது நிர்வாகப் பிழை என்கிறீர்கள். அப்படியொரு ஆணையில் கையெழுத்திடும் அதிகாரம் அவரிடம் இருந்ததே, அதைத்தான் நான் நோக்கத்தின் பிழை என்கிறேன்.

கைகட்டி நிற்கச் சொல்லவில்லை. 1971ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் கிழக்கு வங்க மக்கள் சுதந்திரத்தை அறிவித்தார்கள். ஏப்ரலில் தங்களுக்கென ஓர் அரசை அமைத்தார்கள். அவர்களே ஆயுதம் ஏந்தினார்கள். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். டிசம்பரில் இந்தியப் படை முழுப் போரில் இறங்கியது. அடுத்த மார்ச்சில் வெளியேறியது. இந்தியாவின் நோக்கமும் அப்பழுக்கற்றது அல்ல, பாகிஸ்தான் உடைவதில் அதற்கு லாபம் இருந்தது. ஆனாலும் கூப்பிட்ட பிறகு வந்தது, வேலை முடிந்ததும் போனது. பாகிஸ்தான் படை சரணடைந்த டிசம்பர் 16ஐ வங்கதேசம் வெற்றி தினமாகக் கொண்டாடுகிறது. அதன் சுதந்திர தினம் மார்ச் 26.