ஏ5 விதிநூல்: சொல் இடைவெளியும் உடையும் அட்டவணையும்

பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டின் விதிநூலை ஏ5 தாளில் இரண்டு பத்தியாக (பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசையாக) அமைத்தால் சொற்களுக்கிடையே ஓட்டை விழுகிறது, சண்டை அட்டவணையும் பக்கம் திருப்பும் இடத்தில் உடைகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஒரே பத்தியாக்குங்கள். ஏ5 அகலமே 148 மி.மீ.தான், ஓரங்கள் போகப் பத்திக்கு 55 மி.மீ. தேறினால் அதிகம். ‘தாக்கப்பட்டவருக்கு’ என்ற ஒரு சொல்லே பாதி வரியைத் தின்றுவிடும். இருபுறமும் சமன் செய்தால் மீதிச் சொற்கள் விலகத்தான் செய்யும். வரிகளின் இட ஓரம் மட்டும் சீராக இருக்கட்டும்.

சண்டை அத்தியாயத்தை இரட்டைப்படைப் பக்கத்தில் தொடங்குங்கள். இடப்பக்கம் விதி, எதிரே வலப்பக்கம் அட்டவணை. இரண்டு பகடையின் கூட்டல் 2 முதல் 12 வரை, மொத்தம் 11 வரி, தாராளமாக அடங்கும். ஆட்ட நடுவில் புரட்ட வேண்டியிருக்காது, இதுதான் ரொம்ப முக்கியம்.

தாள்களை மடித்து நடு மடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடிப்பதென்றால் உங்கள் 50 பக்கத்தை 52 ஆக்குங்கள், 4-ஆல் வகுபட வேண்டும். கூடுதல் பக்கத்தில் பாத்திரத் தாளை (ஆடுபவர் தன் கதாபாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாளை) வைக்கலாம்.